ஒரு பூட்டுக்கு இரண்டு திறப்பு

சிவசு: ...மிச்சத்தையும் வாசிக்கட்டோ?

லெனாட்: வேண்டாம் சிவசு அண்ணை. பேப்பரை மடிச்சு வையுங்கோ.

கிறிஸ்ரினா: நீங்கள் வாசியுங்கோ. எங்களைப்பற்றித்தானே எழுதியிருக்கு, நாங்களும் கேப்பம்.

சிவசு: "வழக்கம் மாறக்கூடாது என்கிற பழமைவாதி லெனாட். யாரும் யாரையும் தடுக்கக்கூடாது என்கிற சுதந்திரவாதி கிறிஸ்ரினா. இருவரும் சுயேச்சைக் குழுவாகப் பூட்டுச் சின்னத்தில் நின்று மாநகரசபையில் இரண்டு ஆசனம் வென்றது ஒரு விபத்து. இன்றைய கூட்டத்தோடு இந்தக் கலியாணம் முறியும்."

லெனாட்: கலியாணமோ! என்ரை மனுசி லூர்த்து உதைக் கண்டாளெண்டா எனக்கு மத்தியானம் சோறில்லை.

கிறிஸ்ரினா: ஏன் அண்ணை, லூர்த்தம்மா அக்காவுக்கு என்னைத் தெரியாதே? சட்டை தைக்க என்னட்டைத்தானே வாறவா.

லெனாட்: தைக்க வாறது வேறை. பேப்பரிலை கலியாணம் வாறது வேறை.

சிவசு: சுதந்திரம் வேணுமெண்டு கேட்டுக்கொண்டு பூட்டுச் சின்னத்திலை நிண்டதுக்கும் ஒரு வரி போட்டிருக்கிறான்...

கிறிஸ்ரினா: அது அவங்களாத் தந்த சின்னம்! நாங்கள் கேட்டது பறக்கிற பட்டம்.

லெனாட்: நீ கேட்டனி பட்டம். நான் கேட்டது நங்கூரம்.

சிவசு: அதுதான் நடுவாலை பூட்டைத் தந்திருக்கினம். சரி சரி, முறைக்காதேங்கோ. பிளேன்ரீ ரண்டு. ஒண்டுக்குச் சீனி, ஒண்டுக்கு இல்லை. ஆருக்கு எது?

லெனாட்: அவளுக்குச் சீனி. எனக்கு டொக்டர் தடை.

கிறிஸ்ரினா: டொக்டர் சொன்னவர், அவ்வளவுதான். பொலிசைக் கொண்டுவந்து உங்கடை கோப்பைக்குப் பக்கத்திலை நிப்பாட்டேல்லை. கேக்கிறதும் விடுறதும் உங்கடை பாடு. உங்கடை பிரேரணை அப்பிடியே?

லெனாட்: துவங்கீட்டாள்.

கிறிஸ்ரினா: கூட்டம் பத்து மணிக்கு. இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கு. அதுக்கிடையிலை உங்கடை மனம் மாறாதோ எண்டு பாக்கிறன்.

சிவசு: பிரேரணை எண்டா அந்த நீச்சல் விசயம்தானே? எனக்கு வடிவா விளங்கேல்லை. நான் கொக்குவில்காரன், கிணத்திலை அள்ளித்தான் குளிக்கிறனான்.

கிறிஸ்ரினா: சொல்லுங்கோ அண்ணை. உங்கடை வாயாலையே சொல்லுங்கோ.

லெனாட்: எங்கடை குருநகரிலை ஜெசிதா எண்டு ஒரு பெட்டை. பழைய இறங்குதுறைக்குப் பக்கத்திலை, சனி ஞாயிறு விடியப் பொம்பிளையளுக்கு நீச்சல் பழக்குறாள். அதை நிப்பாட்டவேணும் எண்டு எங்கடை கோயில் பங்கிலை பெரியாக்கள் அறுபது பேர் கையெழுத்து வைச்சுத் தந்தவை. நான் அவையின்ரை மெம்பர். கொண்டுவாறன் எண்டு வாக்குக் குடுத்தனான். கொண்டுவாறன்.

சிவசு: நீந்தினா என்ன பிழை?

லெனாட்: நீந்திறது பிழையில்லை. நனைஞ்ச உடுப்போடை கரையிலை வந்து நிக்கினம்... ரோட்டாலை போறவன் வாறவனெல்லாம் சைக்கிளை நிப்பாட்டிப் பாக்கிறான். எல்லாம் குடும்பப் பொம்பிளையள். எங்கடை வழக்கம் அப்பிடியில்லை.

கிறிஸ்ரினா: அப்ப பாக்கிறவனைத் தடை செய்யுங்கோவன்!

லெனாட்: கண்ணுக்கெல்லாம் பூட்டுப் போடேலாது பிள்ளை.

கிறிஸ்ரினா: பூட்டுச் சின்னத்திலை வெண்டவர் சொல்லுற கதையைப் பாருங்கோ.

சிவசு: அவவுக்கு ஒரு கோல். ஒண்டுக்குப் பூச்சியம்.

கிறிஸ்ரினா: அண்ணை, போன வருசத்தை மறந்துபோனியளோ? கொழும்பிலையிருந்து சபைக்கு ஒரு திட்டம் வந்தது. கடற்கரை முழுக்க வேலி. மீன் விக்கிறவைக்கு அனுமதி அட்டை. கடைப் பலகை எல்லாம் ஒரே நீலம். அந்தோனியார் சுருவத்தைக் கழட்டிப்போட்டு, அதிலை கார் விட இடம். அண்டைக்கு மைக்கைப் பிடிச்சு என்ன சொன்னீங்கள்?

லெனாட்: "சபைக்கு எங்கடை கரையிலை என்ன வேலை?"

கிறிஸ்ரினா: அந்த ஒரு வசனத்தைக் கேட்டுத்தான் நான் உங்களோடை சேந்தனான். இந்த ஆள் என்ரை ஆள் எண்டு. இப்ப உங்களுக்குக் கதிரை கிடைச்சவுடனை சபைக்குக் கரையிலை வேலை வந்திட்டுது!

லெனாட்: எந்தச் சபை? உங்கை முன்னாலை கிடக்கிற சபையோ, திருச்சபையோ?

கிறிஸ்ரினா: கதையை மாத்தாதேங்கோ.

லெனாட்: மாத்தேல்லை. நீ அண்டைக்கு என்னத்துக்கு எதிர்த்தனி? உன்ரை பலகைக்கு ஆரோ ஒருத்தன் நிறம் சொல்லுறான் எண்டு. நான் என்னத்துக்கு எதிர்த்தனான்? ஊரே தொட்டுக் கும்பிடுற சுருவத்தை ஒரு என்ஜினியர் பென்சிலாலை அழிக்கிறான் எண்டு. வேலி ஒண்டுதான். நீ உந்தப் பக்கத்தாலை உதைஞ்சனி, நான் இந்தப் பக்கத்தாலை.

சிவசு: வேலி விழுந்ததுதானே?

லெனாட்: விழுந்தது. விழுந்தாப்பிறகுதான் தெரியுது, ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறம் எண்டு.

கிறிஸ்ரினா: அப்ப பேப்பர்காரன் சொன்னது சரி. விபத்து.

லெனாட்: அப்பிடியும் இல்லை... உன்ரை அடுத்த மாசப் பிரேரணையை எடு. கடற்கரையிலை ஆரும் கேட்டுக் கேள்வியில்லாமல் கடை போடலாம் எண்டிறாய். சரி, ஆரோ ஒருத்தன் சாராயக் கடை போடுறான். பிறகு?

கிறிஸ்ரினா: பிறகென்ன? சந்தியிலை இருந்த சாராயத் தவறணைக்கு என்ன நடந்தது, மறந்துபோனியளோ? ஆர் மூடினது?

லெனாட்: நாங்கள்தான்.

கிறிஸ்ரினா: எப்பிடி மூடினீங்கள்? பிரேரணை கொண்டுவந்தோ?

லெனாட்: கோயில் மூப்பர் நீக்கிலாப்பிள்ளையும் நானும் வீடு வீடா ஏறி இறங்கினனாங்கள். ஒவ்வொருத்தன்ரை மனுசியையும் பக்கத்திலை வைச்சுக்கொண்டு கதைச்சம். ஒரு வருசத்திலை ஒருத்தனும் போறேல்லை. அவன் பூட்டிக்கொண்டு போட்டான்.

கிறிஸ்ரினா: பாத்தியளே! உங்களுக்குச் சட்டமில்லாமலே செய்யத் தெரியும். பேந்தேன் தடியைத் தேடுறியள்? நாளைக்கு வேறை ஆக்கள் வந்து, "கோயில் மணி விடிய அடிக்கக்கூடாது, எங்கடை நித்திரை குழம்புது" எண்டு ஒரு பிரேரணை கொண்டுவந்தா? அதே தடிதானே? இண்டைக்கு நீங்கள் சீவிக் குடுக்கிற தடி.

சிவசு: அந்தக் கேள்விக்கு மெம்பர் தேத்தண்ணி குடிக்கிறார்.

லெனாட்: சரி. நானும் ஒண்டு கேக்கிறன். கோவிக்கக்கூடாது.

கிறிஸ்ரினா: கேளுங்கோ.

லெனாட்: உன்ரை மனுசன் பிரான்சுக்குப் போய், ஒரு ரெலிபோன் கோலும் எடுக்காமல் விட்டாப்பிறகு, ரண்டு பிள்ளையளோடை நிண்டனி. ஆறு மாசம் உன்ரை வீட்டுக்கு ஆர் சோறு கொண்டுவந்தது? சுதந்திரமோ?

கிறிஸ்ரினா: ...மரியநாயகி மாமி. மாதர் சங்கம். உங்கடை வீட்டிலையிருந்தும் மீன் வந்தது.

லெனாட்: தையல் மெசின்?

கிறிஸ்ரினா: பங்கு தந்தது.

லெனாட்: அதுதான். "அவையவை தங்கடை பாட்டைப் பாக்கட்டும்" எண்டு எல்லாரும் இருந்திருந்தா அந்த மெசின் உன்ரை வீட்டு வாசலுக்கு வந்திராது.

கிறிஸ்ரினா: ஆனா ஒருத்தரும் சட்டம் போட்டுத் தரேல்லையே அண்ணை? மரியநாயகி மாமிக்குப் பின்னாலை ஒரு உத்தியோகத்தன் கொப்பியோடை நிண்டவனோ? மனம் வந்து தந்தவை. அதாலைதான் எனக்கு வாங்கேக்கை வெக்கமா இருக்கேல்லை.

லெனாட்: மனம் சும்மா வருமோ? கிழமைக்குக் கிழமை ஒரே இடத்திலை முழங்காலிலை நிண்டு பழகின சனத்துக்குத்தான் வரும். அந்த மனத்தைப் பழக்கினது வழக்கம்.

கிறிஸ்ரினா: ஓம்... அது ஓம்தான்.

லெனாட்: என்ன? ஓமோ?

கிறிஸ்ரினா: உண்மையை ஓமெண்டுதானே சொல்லவேணும்.

சிவசு: இது முறியிற கலியாணம் மாதிரித் தெரியேல்லை. வாய்ப்பன் சூடாக் கிடக்கு, வைக்கட்டோ?

கிறிஸ்ரினா: எனக்கு ஒண்டு வையுங்கோ. இஞ்சை இருந்து ஆறுதலாச் சாப்பிடப் போறன்.

லெனாட்: ஆறுதலாவோ? கூட்டத்துக்கு நேரமாகுது.

கிறிஸ்ரினா: அதைத்தான் சொல்லவந்தனான் அண்ணை... கிழமை முழுக்க யோசிச்சனான். நீங்கள் இல்லாட்டி எங்கடை குழுவும் இல்லை. வேலியை விழுத்தினம், மீன்காரருக்கு அட்டை வராமல் மறிச்சம். உந்த ஒண்டாலை எல்லாம் உடையிறதோ? அதாலை...

லெனாட்: அதாலை?

கிறிஸ்ரினா: நான் வாக்கெடுப்புக்கு உள்ளுக்கை இருக்கேல்லை. எண்ணிப் பாத்தனான், நான் இல்லாட்டி ரண்டு பக்கமும் சரிசமன். தலைவர் உங்கடை பக்கம், அவர் தன்ரை மேலதிக வாக்கைப் போடுவார். நீங்கள் வெல்லுவியள்.

லெனாட்: ஐயோ வேண்டாம்!

கிறிஸ்ரினா: என்ன?

சிவசு: தேத்தண்ணி ஊத்துப்பட்டிட்டுது...

லெனாட்: தேத்தண்ணியை விடுங்கோ. பிள்ளை, நீ உள்ளுக்கை இருக்கவேணும். எதிர்க்கவேணும்.

கிறிஸ்ரினா: உங்கடை பிரேரணையையோ?

லெனாட்: வேறை ஆற்றை? எழும்பிக் கதை. இப்ப கதைச்சியே, தடி, கோயில் மணி, தவறணை... அப்பிடியே சொல்லு. சத்தமாச் சொல்லு. பாக்க வாறவை இருக்கிற பின் வரிசையிலை மூப்பரும் எங்கடை பெரியாக்களும் வந்து இருப்பினம், அவைக்கும் கேக்கவேணும்.

கிறிஸ்ரினா: உங்களுக்கு விசரே அண்ணை?

லெனாட்: காரணம் பேந்து சொல்லுறன்.

கிறிஸ்ரினா: இப்ப சொல்லுங்கோ.

லெனாட்: மணி அடிக்குது, எழும்பு. நீ ஒருநாளும் விட்டுக்குடுக்கமாட்டாய் எண்டு நம்பித்தானே இதைக் கையிலை எடுத்தனான்! எனக்காக உன்ரை கொள்கையை விடுவாய் எண்டு ஆர் கண்டது...

சிவசு: வாய்ப்பன்?

கிறிஸ்ரினா: மூடி வையுங்கோ, வாறன்!

* * *

சிவசு: வாங்கோ, வாங்கோ. என்ன மாதிரி?

கிறிஸ்ரினா: தோத்துப்போச்சு. ஒரு வாக்காலை.

சிவசு: ஆர் தோத்தது?

கிறிஸ்ரினா: அண்ணைதான்.

சிவசு: அட கடவுளே. இருங்கோ மெம்பர். இதெல்லாம் சகசம். ஒரு கரண்டி சீனி போட்டே தாறன்.

லெனாட்: போடுங்கோ. இண்டைக்கு மட்டும்.

கிறிஸ்ரினா: தோத்தவற்றை முகத்தைப் பாருங்கோ சிவசு அண்ணை. கலியாண வீட்டிலை முதல் பந்தியிலை இடம் கிடைச்ச மாதிரி.

லெனாட்: நீ நல்லாக் கதைச்சனி. கோயில் மணியைச் சொல்லேக்கை மூப்பர்கூடத் தலையை ஆட்டினவர்.

கிறிஸ்ரினா: நீங்கள் உங்கடை பிரேரணைக்குக் கை தூக்கினதையும் கண்டனான். அரைக் கை.

லெனாட்: முழுக்கத் தூக்கினனான்! கொண்டுவாறன் எண்டு சொன்னனான், கொண்டுவந்தன். கை தூக்குவன் எண்டு சொன்னனான், தூக்கினன். வெல்லுவன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

கிறிஸ்ரினா: கள்ளன்! அறுபது பேரை ஏமாத்திப்போட்டியள்.

லெனாட்: நான் ஏலாதெண்டு சொல்லியிருந்தா அந்தக் கடதாசி வேறை ஆற்றையும் கையுக்குப் போயிருக்கும். நீச்சலோடை நிண்டிராது. சட்டை, சைக்கிள், கைத்தொலைபேசி எண்டு எல்லாத்தையும் சேத்துக் கொண்டுவந்திருப்பினம். இப்ப எங்கடை ஆக்கள் சொல்லவேண்டியதைச் சபை கேட்டுட்டுது. நீ சொன்னதை எங்கடை ஆக்கள் கேட்டுட்டினம். தோத்ததை ஆறு மாசத்துக்குத் திருப்பிக் கொண்டுவரவும் ஏலாது.

கிறிஸ்ரினா: எண்டாலும் அவையிட்டை மறைச்சது மறைச்சதுதான்.

லெனாட்: ஓம். அது நெஞ்சிலை கிடந்து குத்துது. மூப்பரிட்டை நானே போய்ச் சொல்லுவன். ஆனா ஒண்டு, எனக்கு அது பிடிக்கேல்லை எண்டது பொய்யில்லை. நனைஞ்ச உடுப்போடை கரையிலை நிக்கிறது இண்டைக்கும் எனக்குப் பிடிக்கேல்லை. அதைப் பங்கிலை கதைப்பன். அவை உடுப்பு மாத்த என்ரை வலைக் கொட்டிலைத் திறந்துவிடுறன், சுத்திவரப் படங்குச் சீலை கட்டுவம். சட்டம் மட்டும் வேண்டாம். பொலிஸ் வந்து காப்பாத்திற வழக்கம் வழக்கமில்லை பிள்ளை.

கிறிஸ்ரினா: அதைத்தானே நான் காலமையிலையிருந்து சொல்லுறன்!

லெனாட்: நீ சொல்லுறது பெட்டையின்ரை உரிமைக்கு. நான் சொல்லுறது வழக்கத்தின்ரை மானத்துக்கு.

சிவசு: அப்ப கூட்டு இருக்கோ, இல்லையோ? பேப்பர்காரன் வந்தா நான் என்ன சொல்ல?

லெனாட்: கரைவலை இழுக்கிறதை வந்து பாக்கச் சொல்லுங்கோ. வலையின்ரை இந்த நுனியிலை ஒரு பகுதி ஆக்கள், மற்ற நுனியிலை ஒரு பகுதி. எல்லாரும் ஒரு பக்கத்திலை நிண்டு இழுத்தா மீன் வராது.

கிறிஸ்ரினா: நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பக்கம் இழுக்காமல் வாய்ப்பன் சாப்பிடப் போனா மற்றப் பக்கம் "ஐயோ" எண்டு கத்துமோ? அண்ணை, நீங்கள் கத்தின கத்து வழக்கத்தின்ரை மானத்துக்கில்லை. வேறை என்னவோ இருக்கு.

லெனாட்: ஒண்டுமில்லை.

கிறிஸ்ரினா: பேந்து சொல்லுறன் எண்டனீங்கள். இப்ப பேந்து.

சிவசு: நான் உள்ளுக்கை போகட்டோ?

லெனாட்: நீங்கள் இருங்கோ அண்ணை... அந்தப் பிரேரணை வெண்டிருந்தா, என்ரை வீட்டிலை ஒரு குற்றவாளி இருந்திருப்பாள்.

கிறிஸ்ரினா: ஆர்?

லெனாட்: தெரியாத மாதிரிக் கேக்கிறாய். லூர்த்து. ஆடி மாசத்திலையிருந்து ஞாயிறு விடிய "முதற் பூசைக்குப் போறன்" எண்டு வெளிக்கிடுறாள். திரும்பி வரேக்கை தலை ஈரம். என்னப்பா எண்டு கேட்டா, "ஃபாதர் தீர்த்தம் தெளிச்சவர்" எண்டாள். ஒரு வாளித் தீர்த்தமோ?

கிறிஸ்ரினா: ஐயோ அக்கா...

லெனாட்: சிரி, சிரி. உனக்குத் தெரியும்தானே?

கிறிஸ்ரினா: அவ நீந்திற உடுப்பை நான்தான் தைச்சுக் குடுத்தனான். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு அந்தோனியாற்றை பேரிலை சத்தியம் வாங்கினவா. நீங்கள் பிரேரணை கொண்டுவாறியள் எண்டு கேள்விப்பட்டு, "நீ எதிர்க்காதை, அவருக்கும் உனக்கும் பிரச்சினை வரும், நான் விடுறன்" எண்டு சொன்னதும் அவதான். அதாலைதான் நான் வெளியிலை இருக்க நினைச்சனான்.

லெனாட்: விடுறன் எண்டோ சொன்னவள்?

கிறிஸ்ரினா: அழுதுகொண்டு சொன்னவா. தெரிஞ்சும் ஏன் அண்ணை மறிக்காமல் விட்டனீங்கள்?

லெனாட்: மறிக்கத்தான் போனனான். ஒரு ஞாயிறு பின்னாலை போனன். பாத்தா... முழங்காலளவு தண்ணியிலை நிக்கிறாள், ஐம்பத்திநாலு வயசு மனுசி, ஜெசிதாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நடுங்கிறாள். எனக்கு என்ரை தங்கச்சியின்ரை ஞாபகம் வந்திட்டுது. றெஜினா. தீவுக் கோயில் திருநாளுக்குப் போய்த் திரும்பேக்கை வள்ளம் கவிண்டது. ஆம்பிளையள் நாங்கள் அஞ்சு பேரும் நீந்திக் கரைக்கு வந்தனாங்கள். லூர்த்து ஒரு பலகையிலை தொங்கிக்கொண்டு கிடந்தாள். றெஜினாவுக்குப் பலகை கிடைக்கேல்லை.

கிறிஸ்ரினா: எனக்கு உது தெரியாது அண்ணை.

லெனாட்: இருபத்திரண்டு வருசம். அண்டையிலையிருந்து லூர்த்து கடலிலை கால் நனைச்சதில்லை. அப்பிடிப்பட்டவள் தானா இறங்குறாள். அவளை நான் என்னெண்டு மறிக்கிறது? அதுக்காக அவளைத் தண்ணிக்கை விட்டிட்டு வீட்டிலை இருக்கவும் ஏலாது.

சிவசு: அப்ப என்ன செய்தனீங்கள்?

லெனாட்: சிரிக்கக்கூடாது.

கிறிஸ்ரினா: சொல்லுங்கோ.

லெனாட்: ஒவ்வொரு ஞாயிறும் அவள் வெளிக்கிட, நானும் மற்ற ஒழுங்கையாலை போய் வள்ளத்தை எடுப்பன். ஒரு கூப்பிடு தூரத்திலை நிப்பாட்டிப்போட்டு, தொப்பியை மூக்குமட்டும் இழுத்துவிட்டு, வலையிலை சிக்கெடுக்கிற மாதிரி இருப்பன். ஏதும் ஒண்டெண்டா குதிக்கலாமெல்லே.

கிறிஸ்ரினா: ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக்கூடாதெண்டு பங்கிலை தொண்டை கிழியக் கத்துறவர் நீங்களெல்லே!

லெனாட்: வலை போடேல்லையே! சும்மா இருக்கிறன். பின்னேரப் பூசைக்குப் போறன்.

சிவசு: அப்ப சட்டம் வந்திருந்தா நீங்களும் கூட்டுக் குற்றவாளி.

லெனாட்: போன கிழமை அவள்... கையைக் காலை அடிச்சு, பத்துப் பாகத் தூரம் வந்தாள். தனிய. ஒருத்தரும் பிடிக்கேல்லை. எனக்கு எழும்பி நிண்டு கத்தவேணும் போலை. கத்தினாத் தெரிஞ்சுபோம். வலையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தன்... பிள்ளை, நீ மட்டும் லூர்த்துக்குச் சொல்லிப்போடாதை. நான் அங்கை நிக்கிறன் எண்டு தெரிஞ்சா, வெக்கத்திலை பேந்து இறங்கமாட்டாள்.

கிறிஸ்ரினா: அக்காவுக்கு அது எப்பவோ தெரியும் அண்ணை. உங்கடை வள்ளம் வந்து நிக்குமட்டும் அவ தண்ணிக்கை காலே வைக்கிறேல்லை.